மூடிய பள்ளத்துக்குள் நசுங்கிய குழாய்

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(பள்ளியில் மின்வேலை செய்தவரின் மகள்)

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வு அலுவலகம்.

பொருள்: பள்ளித் தண்ணீர் மோட்டாருக்குச் செல்லும் நிலத்தடிக் குழாய் நசுங்கியிருப்பது, திங்கட்கிழமை பள்ளத்தின் மேல் சிமெண்டுத் தளம் போடுமுன் தோண்டிப் பார்க்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளி மோட்டாருக்கு மண்ணுக்கடியில் குழாய் பதித்து, அதற்குள் கேபிள் இழுத்தவர் என் அப்பா. இந்தப் புகார் அவர் மேல்தான். எழுதவே கை கூசுகிறது.

2. குழாய் திரும்பும் இடங்களில், கம்பெனியிலிருந்து வளைந்தே வரும் எல்போ துண்டு போடும்படி வரைபடத்தில் இருந்தது. ஆனால் பள்ளம் கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எல்போவின் திருப்பம் அங்கே பொருந்தவில்லை. நேரான பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அங்கேயே வளைக்க அப்பா முடிவு செய்தார். "எல்போ ரெடிமேட் சட்டைம்மா. இது அளவெடுத்துத் தைக்கிறது" என்றார். சாப்பாடு கொண்டுபோன நானும் சிரித்தேன். அந்த முடிவில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

3. தவறு அதன் பிறகுதான். வளைக்குமுன் குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி நிரப்ப வேண்டும். இல்லையேல் சூட்டில் நசுங்கிவிடும். முந்தைய நாள் மழையில் மணல் நனைந்திருந்தது. அது காயும்வரை பொறுக்காமல் அப்பா வெறுங்குழாயையே வளைத்தார். வளைந்த இடம் சப்பையானது. கேபிள் அங்கே சிக்கியது. சோப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே வந்த முனையில் கேபிளின் கறுப்புத் தோல் உரிந்திருந்தது. உள்ளே எவ்வளவு உரிந்திருக்கிறதோ தெரியாது. அப்பா முனையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, "மண்ண மூடிட்டா யாருக்குத் தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

4. தாங்கள் சோதிக்க வந்தபோது மண் காய்ந்திருந்ததால் மின்கசிவு தெரியாமல் கருவி சரியென்றே காட்டியிருக்கும்; ஈரம் இறங்கினால்தான் கசியும். தங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குடிநீர்க் குழாயடி அந்தப் பள்ளத்தின் மேல்தான் இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று தண்ணீர் பிடிக்கிறார்கள்.

5. நேற்றுக் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மோட்டார் வேலைக்காக அப்பாவை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார். பக்கத்தில் நின்றவள், "உங்கப்பாடி, தட்டுடி" என்று முழங்கையால் இடித்தாள். நானும் கைதட்டினேன். அப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

6. ஆகவே, மின் இணைப்பை நிறுத்திவைத்து, பள்ளத்தைத் திறந்து, குழாயையும் கேபிளையும் மாற்ற ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் உரிமத்தைப் பற்றி எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

7. ஒளித்து அனுப்ப மனமின்றி இதை அப்பாவிடமே காட்டினேன். வெகுநேரம் படித்தார். திட்டவில்லை. நான் பார்த்த வளைவை மட்டும் எழுதியிருந்தேன். "ஒண்ணு இல்லம்மா, மூணு. மூணையும் எழுது" என்றார். தோண்ட வேண்டிய இடங்களை அவர் கையாலேயே தனித்தாளில் வரைந்து தந்திருக்கிறார்; இத்துடன் இணைத்துள்ளேன்.

இடம்: வீடு
நாள்: சனிக்கிழமை

தலைகுனிவுடன்,
மாணவி

குறித்த இடங்கள் சரி. தோண்டும்போது நானும் வருகிறேன்.
மாணவியின் தந்தை, மின்பணியாளர்