மாடி பாத்ரூமும் மாவுக்கட்டும்

11.4.83, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

சனிக்கிழமை பாத்ரூம் தண்ணீர் கீழே ஒழுகி, வீட்டு ஓனரம்மாவின் காப்பிக்கொட்டை மூட்டை இரண்டு நனைந்தது. இன்று படியேறி வந்தே சொல்லிவிட்டார். "சீசன் வருதுங்க டீச்சர். ரூம் கேட்டு ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. இன்னொருக்கா ஒரு சொட்டு எறங்குச்சுன்னாலும் ஊட்டைக் காலி பண்ணிருங்க."

இவர் கட்டிலில். எஸ்டேட்டில் மிளகு ஏணியிலிருந்து விழுந்து தொடை வரை மாவுக்கட்டு. இன்னும் நான்கு வாரம் காலை ஊன்றக் கூடாது. இந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? சீசனில் யார் வீடு கொடுப்பார்கள்?

12.4, செவ்வாய்

தண்ணீர் வராத நாள். பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டையைக் குச்சி விட்டுக் குடைந்தேன். கை நிறைய அரப்பு, தலைமுடி. எல்லாம் நான் தலை முழுகியதில் சேர்ந்ததுதான். இனி அரப்பே வேண்டாம், சோப்பு போதும்.

ஹாலில் பலகைத் தளம். தண்ணீர் பாத்ரூம் வாசற்படி தாண்டினால் நேரே கீழேதான். படியில் சாக்கு சுருட்டி வைத்தாயிற்று. குழாயிலிருந்து டிரம்முக்கு டியூப். ஓட்டைக்கு வலைத்தகடு வாங்கணும். மண்ணெண்ணெய். நாலாம் வகுப்பு மார்க்.

13.4, புதன்



காலை ஏழரைக்குத் தண்ணீர் வந்தது. டியூபை டிரம்மில் போட்டுவிட்டு அடுப்படியில் இருந்தேன். பள்ளிக்கூடம் போக வாழவந்தி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கட்டிலிலிருந்து இவர் குரல்: "மல்லிகா, தண்ணி நின்னுருச்சு!"

குழாயில் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். "சரிங்க" என்று செருப்பை மாட்டி ஓடினேன். பாத்ரூமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டை அடைத்துத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். நேற்று நான் குச்சியால் உள்ளே தள்ளியதுதான் அடைத்திருக்கும். பாவி நான்.

கீழேயும் ஆள் இல்லை. கொட்டச்சேட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள்.

நாலரைக்கு வந்து கதவைத் திறந்தால், பாத்ரூம் படியில் இவர் கிடக்கிறார். மெத்தை, கம்பளி, என் சேலை இரண்டு, எல்லாவற்றையும் வாசலில் அடைத்திருக்கிறார். தவழ்ந்தே போய்க் குழாயை மூடியிருக்கிறார்.

"கீழ ஒரு சொட்டு எறங்கலை பாத்துக்க."

மாவுக்கட்டைத் தொட்டேன். ஊறிப்போய் விரல் உள்ளே போனது. அழுதுவிட்டேன். எப்படியோ இழுத்துக் கட்டிலில் ஏற்றினேன். நாளை சேலம் ஆஸ்பத்திரி. வருஷப்பிறப்பு, டாக்டர் இருப்பாரா? கீழே என்ன சொல்லி இவரை இறக்குவது?

இப்போது கீழே பூட்டுத் திறக்கும் சத்தம். ஓனரம்மா குரல்: "ஏனுங்க டீச்சர், இன்னிக்குத் தண்ணி வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க" என்றேன். இவர் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு முனகுகிறார்.