புல்லை நான் ஏன் வெட்டவில்லை என்றால்

என் பாசத்துக்கும் வயித்தெரிச்சலுக்கும் சொந்தக்காரியான அமலி அக்காவுக்கு,

நீ போன பிறகும் உன்னைத் தேடித்தான் ஆள் வருது. நேத்து பொட்டிப்புரத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பொம்பளைக. எல்லார் கையிலும் உன் புத்தகம். "டீச்சர் எழுதின திராட்சைத் தோட்டம் இதானா?"ன்னு கேட்டாக. எனக்குச் சுருக்குன்னுச்சு. பட்டா என் பேருல, கொடிக்குக் கவாத்து வெட்டிக் காய்ச்சுப்போன கை என்னுது, தோட்டம் மட்டும் டீச்சருதா?

புத்தகம் நல்லா இருக்கு. அதுதான் என் ஆத்தாமை. பூமி சூடாகுதுன்னு எழுதுறவுகல்லாம் பயமுறுத்திட்டுப் போயிடுறாக. நீ மட்டும், மழை தப்பினாலும் வெயில் ஏறினாலும் நமக்குச் செய்ய வேலை இருக்குன்னு, கண்மாய் தூர்வாருறதுலருந்து சோலார் மோட்டார் வரைக்கும் பொறுமையா எழுதி வச்சிருக்க. அந்த நம்பிக்கை உனக்கு எங்கிருந்து வந்துச்சு? ஒரே வயித்துல பொறந்த எனக்கு ஏன் வரல?

விஷயத்துக்கு வர்றேன். பதிப்பகத்துலருந்து போன் வந்துச்சு. ரெண்டாம் பதிப்பு போடுறாகளாம், திருத்தம் இருந்தா சொல்லணுமாம். இருக்குக்கா. ஏழாம் அத்தியாயம்.

அந்தக் கோடையில நீ வந்தப்ப பந்தலுக்கு அடியில முழங்கால் உயரத்துக்குப் புல்லு. "ஏன்டி வெட்டல?"ன்னு கேட்ட. "சும்மாதான் விட்டேன்"னேன். நம்ம ஊர்ல சும்மான்னா என்ன அர்த்தம்? மேல கேக்காதன்னு அர்த்தம். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த உனக்கு அது தெரியலையே! குனிஞ்சு மண்ணைத் தொட்டுப் பாத்த. பக்கத்துத் தோட்டமெல்லாம் தண்ணி பாய்ச்சின மறுநாளே காஞ்சு கிடக்க, இங்கன மட்டும் ஈரம். வீட்டுக்குப் போயி, அச்சுக்குப் போகக் காத்திருந்த புத்தகத்துல, 'என் தங்கை அறிந்தே புல்லை விட்டாள், மண்ணைக் காத்தாள்'ன்னு ஒரு அத்தியாயத்தை எழுதிச் சேத்துட்ட. என் பேரைக்கூடப் போடல.

அறிஞ்சு விடலக்கா. உன் புத்தகத்தை அச்சுக்கு எடுத்துக்கிட்டாகன்னு சேதி வந்த அன்னைக்கு எனக்கு வயிறு பத்திக்கிச்சு. நம்ம அய்யா கம்பம் ஊரு முழுக்கச் சொல்லித் திரிஞ்சாரு. மோட்டாரை மட்டும் போட்டுவிட்டுட்டு, களை எடுக்க ஆளும் விடாம, ரெண்டு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பொறாமையில வளந்த புல்லு அது.

இதைச் சொன்னா உன் அத்தியாயமே கவுந்துருமேன்னு பயம். கவுந்துரட்டுமேன்னு ஒரு ஆசையும் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

நேத்து வந்ததுல ஒருத்தி, "என்ன நெனச்சுக்கா புல்லை விட்டீக?"ன்னு கேட்டா. வாய் தவறி, "எங்கக்கா மேல இருந்த பொறாமையில"ன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அவ மட்டும் என் கையப் பிடிச்சுக்கிட்டா.

"அட, இதைத்தானே எழுதியிருக்கணும்! டீச்சர் மாதிரி வெவரமானவுகளுக்குத்தான் இதெல்லாம் ஆகும்னு படிச்சுட்டு மூடி வச்சுட்டேன். பொறாமை புடிச்ச உங்களுக்கே ஆகும்னா எனக்கு ஆகாதா?"

நேத்து ராத்திரியே பதிப்பகத்துக்கு எழுதி அனுப்பிட்டேன். பொறாமையை, ரெண்டு மாசத்தை, என் பேரை. எதையும் விடல.

நீ நம்பிக்கைய எழுதி வச்சுட்டுப் போயிட்ட. அது பலிக்குதா இல்லையான்னு வெயில்ல நின்னு பாக்கப் போறது நான். அதுலயும் உன் மேல பொறாமைதான், போ.

கல்லறைத் திருநாளுக்குப் புதுப் பதிப்போட வர்றேன். உன் பக்கத்துல உக்காந்து என் திருத்தத்தைச் சத்தமா வாசிப்பேன். நீ நடுவுல புகுந்து எழுத்துப்பிழை பிடிக்க மாட்ட. அதுக்கு அழுவேன். அழுதுட்டு, மிச்சத்தையும் வாசிச்சு முடிப்பேன்.

உன் கூடப் பொறந்தவ,
ஆரோக்கியமேரி