மணிக்கூண்டுச் சாவியும் நீ அனுப்பிய நிலநடுக்கப் பட்டியலும்

ராஸ் மில்ஹ்,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி கத்தாஸுக்கு, அக்கா வர்தே எழுதுவது. இங்கே எல்லோரும் முழுசாக இருக்கிறோம். மார்சேய் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் பூமி ஆடிய சேதிகளையெல்லாம் பழைய ஜெபப் புத்தகங்களின் ஓரங்களிலிருந்து பொறுக்கி, நாலு தாளில் எழுதி அனுப்பினாயே, அதன் மேல் அவித்த கத்தரிக்காயை நீர் வடியப் பரப்பிவிட்டேன். 'படிச்ச பையன், நல்ல தடிமனான தாளா அனுப்பியிருக்கான்' என்று பக்கத்து வீட்டு மாரியானாவிடம் மெச்சவும் செய்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறாய்?

காய்களை எடுத்தபோது ஓரிடம் மட்டும் நனையாமல் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எந்தக் காலத்துப் பாதிரியாரோ எழுதி வைத்தது: பூமி ஆடி நின்றது, யாருக்கும் ஒன்றுமில்லை, நன்றி மணி அடிக்கக் கோயில்பிள்ளை மணிக்கூண்டில் ஏறினார், இரண்டாம் ஆட்டத்தில் கூண்டும் அவரும் சேர்ந்து விழுந்தார்கள். அதன் கீழே நீ, 'அக்கா, மச்சானிடம் சொல்' என்று எழுதியிருந்தாய்.

சொன்னேன். இப்போது நம் கோயில் மணியை அடிக்கிற உன் மச்சான் நக்லேயோ, 'எங்கப்பா அடிச்சாரு, தாத்தா அடிச்சாரு. ஆட்டம் நின்னதும் மணி அடிக்கலேன்னா ஆண்டவர் நம்மள நன்றிகெட்டவங்கன்னு நெனைக்க மாட்டாரா?' என்று சிரித்தார்.

நேற்றுக் காலை காப்பி கொதிக்கும்போது ஆடியது. போகிற போக்கில் ஆணியில் தொங்கிய கூண்டுச் சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். ஆட்டம் நின்றதும் இவர் செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்குக் கிளம்பினார். 'சாவியக் குடுடி, ஊரே காத்துக்கிட்டிருக்கு' என்று கத்தினார். 'கைய விட்டு எடுத்துக்கோங்க, பாதிரியாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு' என்றேன். 'உனக்குக் கடவுள் பயமே இல்லியா?' என்றார். 'அவரு மேல இருக்கு, உங்க மேலதான் இல்ல' என்றேன். மாரியானா தலையில் அடித்துக்கொண்டு, 'முப்பது வருஷமா இந்த ஆள எப்பத் தொரத்தலாம்னு கேட்டவ, இன்னிக்கு விடமாட்டேங்கறா' என்றாள்.

தெருவே சிரித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது வந்தது. மணி தானாகவே ஒரு தடவை அடித்தது. பிறகு கூண்டுப் படிக்கட்டோடு கீழே வந்தது.

தூசி அடங்கியபோது இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூமி நின்று வெகுநேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை.

கத்தாஸ், எனக்குப் பெரிய வார்த்தைகள் தெரியாது. இன்று காலை இரண்டு காப்பிக் கிண்ணம் கழுவினேன். ஒன்று அவருடையது. அதை எழுதி வைத்த அந்தப் பழைய பாதிரியாருக்கும், பெயர் தெரியாத அந்தக் கோயில்பிள்ளைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன் கண்களுக்கு ஆண்டவர் நூறு வருஷம் வெளிச்சம் தரட்டும். வரும் கோடைக்காவது வந்து முகத்தைக் காட்டு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அக்கா வர்தே.

பின்குறிப்பு: இனிக் கூரைக்குக் கீழே படுப்பதில்லை என்று உன் மச்சான் இன்று மதியம் சாப்பிட்டதும் காரில் படுத்துத் தூங்கினார். கைபிரேக் போடவில்லை. கார் சரிவில் உருண்டு, இப்போது கடலோர உப்புப் பாத்தியில் முழங்கால் ஆழத்தில் நிற்கிறது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.