கார்த்தேஜ் ஒப்படைத்த ஆயுதங்கள்

கிரவீன், சிட்னி
9.10.1977

அன்புள்ள கேதீஸ்வரனுக்கு, ஜெயரட்ணம் எழுதுவது.

உன் கடிதம் போன மாதம் பதினாறாம் திகதி கிடைத்தது. பதில் எழுத மூன்று கிழமைக்கு மேலாகிவிட்டது, பொறுத்துக்கொள். கமலினியும் மகளும் சுகம். உன் தோள் காயம் ஆறிவருகிறதா? நீங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் இருநூறு அகதிகளுக்கு ஒரே கிணறு என்று எழுதியிருந்தாய். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

உன் தம்பி சிறிதரனைப் பற்றி ஒரே ஒரு பந்திதான் எழுதியிருந்தாய். ஓகஸ்ட் கலவரத்தில் வாசல் படலையை உடைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். சிறிதரன் உலக்கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றான். முதல் வெட்டு கழுத்தில். விழுந்த பிறகும் வெட்டினார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வேலியால் ஓடும்போது உன் தோளிலும் கத்தி பட்டது. திரும்பிப் பார்த்தபோது வீடு எரிந்தது. அவ்வளவுதான். எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இங்கே நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பண்டைய வரலாறு படிப்பிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த அடுத்த கிழமை பதினோராம் வகுப்புக்கு ரோமும் கார்த்தேஜும்.

ரோமோடு நடந்த இரண்டாவது யுத்தத்தில் தோற்ற கடற்கரை நகரமான கார்த்தேஜ், ரோமைக் கேளாமல் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஐம்பது வருடம் அப்படியே அடங்கிக் கிடந்தது. பக்கத்து நுமிடிய அரசன் அவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிடித்தான். முறையிட்டால் ரோமிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்துவிட்டு, அரசன் பக்கமே சாய்ந்துவிட்டுப் போவார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் திருப்பி அடித்தார்கள். ரோமுக்கு அந்தச் சாட்டுப் போதும். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் முந்நூறு பேரைப் பணயம் கேட்டது. தாய்மார் கதறக் கதறக் கப்பலில் ஏற்றினார்கள். பிறகு படை வந்து இறங்கி, ஆயுதங்களைக் கேட்டது. வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எல்லாம் கைமாறிய பிறகுதான் கடைசிக் கட்டளை வந்தது: ஊரை இடிக்கப்போகிறோம், கடலை விட்டுப் பத்து மைல் தள்ளிப் போய்க் குடியிருங்கள்.

அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து பீற்றர் என்ற பெடியன் சிரித்தான். "கேட்டவுடனே தூக்கிக் கொடுத்தார்களா சேர்? இப்படிப்பட்ட மடையர்களை வெட்டினால்தான் என்ன?" என்றான். வகுப்பே சிரித்தது.

நான் எழுந்து போனது நினைவில் இல்லை. அறைந்தது நினைவிருக்கிறது. ஒரு அறையோடு நிற்கவில்லை, கேதீஸ். கொலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தி அடித்தேன். உதடு கிழிந்து சேர்ட்டெல்லாம் இரத்தம். இரண்டு பேர் வந்து என் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். இருபத்தொரு வருடத்தில் நான் பிரம்பையே தொட்டதில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த உனக்கு அது தெரியும்.

அடுத்த நாள் பின்னேரம் அவனுடைய தகப்பன் வேலை உடுப்போடு எங்கள் வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் ஒரு குத்து. மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னத்தைக் கிழித்தது, ஒரு பல் போனது. இரண்டாவது குத்துக்கு விழுந்தேன். கமலினி குசினியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். மூன்றாம் முறை ஓங்கிய கையை அந்த மனிதர் அப்படியே நிறுத்திவிட்டார். ஏன் ஒரு கையைக்கூடத் தூக்கி மறிக்கவில்லை என்று கேட்டார். காறித் துப்பிவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், முதல் குத்து விழுந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காயத்தைக் கழுவும்போது கமலினி கேட்டாள்: "நீங்கள் அந்தப் பெடியனுக்கோ அடிச்சனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ, ஆருக்கு அடிச்சனீங்கள்?" அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

ஜூன் மாதம் நீ எழுதிக் கேட்டிருந்தாய். தேர்தல் முடியும்வரை வீட்டிலிருக்கும் வேட்டைத் துவக்குகளைப் பொலிசில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள், கட்டாயம் இல்லையாம், ஆனால் கொடாதவர்களின் பெயரைக் குறிக்கிறார்கள், சிறிதரன் கொடுக்க வேண்டாம் என்று நிற்கிறான், என்ன செய்ய என்று. நான் சிட்னியில் கதிரையில் இருந்துகொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். கொடுத்துவிடு, அவர்களுக்கு ஒரு சாட்டும் வைக்காதே, சட்டத்துக்குப் பணிந்தவனை யாரும் தொடமாட்டார்கள் என்று. வருடா வருடம் இந்தப் பாடத்தைப் படிப்பித்த நான்தான் அதை எழுதினேன்.

ஒரு துவக்கு ஐம்பது பேரை மறித்திருக்குமா என்று கமலினி கேட்கிறாள். தெரியாது. உலக்கையோடு நின்றவன் துவக்கோடு நின்றிருப்பான். அது மட்டும் தெரியும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபதாம் திகதி விசாரணை. பீற்றரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. மீதிப் பாடத்தை வேறொரு ஆசிரியை முடித்துவிட்டாராம். வெறுங்கையோடு நின்ற கார்த்தேஜ், கோயில்களைப் பட்டறையாக்கி வாள் அடித்ததையும், பெண்கள் கூந்தலை வெட்டிக் கயிறு திரிக்கக் கொடுத்ததையும், மூன்று வருடம் நின்றுபிடித்துத் தெருத் தெருவாக எரிந்ததையும் அவர் சொல்லியிருப்பார்.

பாதுகாப்புத் தருகிறோம், ஊருக்குத் திரும்புங்கள் என்கிறார்கள், போகலாமா என்று மறுபடியும் என்னிடமே கேட்டிருக்கிறாய். என்னைக் கேளாதே. சத்தியபாமாவைக் கேள். உன் மனைவி அந்த வேலியைப் பிள்ளையோடு தாண்டியவள்.

இன்னொன்று. சிறிதரனின் மனைவி யோகா உன்னோடு பேசுவதில்லை, துவக்கைக் கொடுத்தவன் என்று உன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தாய். கொடுக்கச் சொன்னவன் நான் என்று அவளுக்கு நீ சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாய். ஆகவே இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. நீ வாசித்துக் காட்டாதே, சில வரிகளை விட்டுவிடுவாய். அவள் கையிலேயே கொடு. என் விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. அவள் என்ன எழுதினாலும் வாசிப்பேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். அவர்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

உன்,
ஜெயரட்ணம்