துவைக்காத சட்டையும் பதினொரு செடிகளும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகம்தானே. இங்கே அம்மா முழு நலம், நான் முக்கால் நலம். போன மாதக் காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. பால் தீய்ந்து வீடே புகைந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். சளி என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

ஆபீசிலும் மூச்சு விடவில்லை. காப்பியை ருசித்து மார்க் போடுகிறவனுக்கு மூக்கு இல்லையென்றால் அங்கே என்ன வேலை. நோய் தாங்கும் தாய்ச்செடியையும் மணமுள்ள தந்தைச்செடியையும் கலந்து ஆறு வருடம் வளர்த்த முப்பது செடிகள், எதில் தாயின் கசப்பு, எதில் தந்தையின் மணம் வந்திருக்கிறது என்று இப்போதுதான் பார்க்கிறோம். மணம் தரும் பொருள் கொட்டையில் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்துப் பெண் அளப்பாள், அதுதான் நாங்கள் சோடாபுட்டி என்போமே, அவள். அவள் கணக்கைப் பார்க்காமல் நான் ருசிக்க வேண்டும். புளிப்பும் கசப்பும் நாக்கில் தெரிந்தன, மணம் தெரியவில்லை. மேஜையில் கிடந்த அவள் தாளைப் பார்த்து, கொஞ்சம் கூட்டிக் குறைத்து மார்க் போட்டுவிட்டேன்.

நேற்று ஓடி வந்து, சார், உங்க மார்க்கும் என் கணக்கும் அப்படியே ஒத்துப்போகுது, மணம் எது வழியா பிள்ளைச்செடிக்கு வருதுன்னு தெரிஞ்சுபோச்சு என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மார்க் குறைந்த பதினொரு செடிகளைத் திங்கட்கிழமை பிடுங்கப் போகிறார்கள். மெஷின் அவள் தேடிய பொருளை மட்டும்தான் அளக்கும், அதற்கு வெளியே ஒரு வாசனை இருந்தால் பிடிக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற இரண்டு வருடம்தானே, வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்று உன் பார்சல் வந்தது. குட்டிப்பயலின் சட்டையைத் துவைக்காமல் அனுப்பு என்று நான்தானே கேட்டேன். அம்மா முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே என்னிடம் நீட்டினாள். முகத்தில் அழுத்திக்கொண்டேன். பால் வாசனை அடிக்குதும்மா என்று போனில் சொன்னேன் அல்லவா, அது அம்மா சொன்னது. மார்க் போட்டதுபோலவே உன்னிடமும் பார்த்து எழுதிவிட்டேன்.

நாளைக் காலை முதல் வேலையாகச் சோடாபுட்டியிடம் சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், செடிகள் நிற்கட்டும். அம்மாவிடம் இன்றைக்கே.

பிள்ளையை ஈரத்தலையோடு வெளியே கொண்டுபோகாதே. மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. அவனைக் குளிப்பாட்டும் முன் கழுத்து மடிப்பில் முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று எனக்கு விவரமாக எழுது. பால் என்று மட்டும் எழுதாதே.

உன் அப்பா