மொட்டை மாடியில் ஒரு கப்பல் கேபின்

அக்கா,

இன்று காலை அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. டிராவல்ஸ்காரர் அனுப்பியது. சின்னதாக ஓர் அறை. கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மேல் படுக்கை இரண்டு, ஓர் ஏணி, ஒரு வட்ட ஜன்னல். ஆமாம், நாங்கள் கப்பலில் போகப் போகிறோம்! வருகிற சனிக்கிழமை சென்னையில் ஏறினால் மூன்று நாள் கடல்தான். கரண்டியோடு நான் குதித்த குதியில் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நழுவிவிட்டார். ஆக, நான், என் கவின், மகி, உன் யாழினி. நாலு பேருக்கு நாலு படுக்கை.

படத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. முத்தியால்பேட்டையில் நாம் இருந்த ஒற்றை அறை வீட்டில் நீ, நான், தம்பி மூன்று பேருக்கும் ஒரே பாய். ஜன்னலுக்குக் கீழே சுவரோர இடத்தில் மட்டும்தான் குருசுக்குப்பம் பக்கமிருந்து வருகிற கடல்காற்று விழும். அதற்குத் தினமும் சண்டை. நீ என்ன செய்வாய்? சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டோடு போய் அங்கே படுத்துவிடுவாய். ஒரு கை தலைக்கு முட்டு, ஒரு கையில் மோர்சோறு. "எடம் புடிச்சாச்சி. தட்ட நீ கழுவிடு." அம்மா கத்திப் பார்ப்பாள், நீ அசையமாட்டாய். உன் எச்சில் தட்டையும் நான்தான் கழுவுவேன்.

ஒருநாள் அழுகை தாங்காமல், "நீயே வெச்சிக்க, நான் எங்கனா படுத்துக்கறேன்" என்றேன். நீ சிரித்தாய். "எங்கனா படுத்துக்கறேன்னு விருந்தாளிதான் சொல்லும். நீ இந்த வூட்டுப் பொண்ணுடி. சண்ட போடு."

அந்தப் பேச்சுதான் இரண்டு வருடமாக என்னைக் குத்துகிறது. நீ கண்ணை மூடிய பிறகு மாமா வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிப் போக, யாழினி மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பன்னிரண்டு வயது. தங்கமான பிள்ளை, அதுதான் என் கவலையே. எந்தத் தோசை, எந்த நாற்காலி, டிவியில் எது என்று கேட்டாலும், "எதுவானாலும் ஓகே சித்தி." சாப்பிட்ட தட்டை யாரும் சொல்வதற்கு முன்பே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். உன் வயிற்றில் பிறந்த பெண் இப்படியா இருப்பாள்?

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். இட்லியை இறக்கி வைத்துவிட்டு, மகியின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மூன்று பேரையும் மாடிக்குக் கூட்டிப்போனேன். கேபினைத் தரையில் வரைந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பளவு மேடை ஒன்று இருக்கிறது, அதன்மேல் இரண்டு மேல் படுக்கை. ஒன்றுக்கு அருகில் வட்ட ஜன்னலும் போட்டேன். பிள்ளைகள் மூன்று, மேல் படுக்கை இரண்டு. அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். "ஜன்னல் பக்கம் யாழினிக்கு" என்று நானே பெயரை எழுதினேன்.

கவின் முகத்தைத் தூக்கிக்கொண்டான். உடனே அவள், "வேணாம் சித்தி. கவின் எடுத்துக்கட்டும், நான் கீழ உங்ககூட படுத்துக்கறேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளிக்குத்தானே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்போம்? இரண்டு வருடமாக நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். எழுதிய பெயரைக் காலாலேயே தேய்த்து அழித்தேன். "நான் சொல்லமாட்டேன். மூணு பேரும் அடிச்சிக்கினு முடிவு பண்ணுங்க."

கீழே வந்து சட்னி தாளித்தேன். காது மட்டும் மாடியில் இருந்தது. கவின் கத்தினான். "எனக்கு ஏழு வயசு ஆயிடுச்சி, நானும் மேல ஏறலாம்" என்று மகி அதைவிடக் கத்தினாள். யாழினி குரலே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளே கீழே வந்து, தட்டில் மூன்று இட்லி எடுத்து வைத்துக்கொண்டாள். விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எனக்கு மனசு விட்டுப்போனது. சட்னியை ஊற்றினேன். தட்டோடு திரும்பியவள் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினாள்.

"அம்மா! அக்கா தட்டோட வந்து படுத்துக்கினா! இது போங்காட்டம்!" என்று கவின் அலறினான்.

ஓடினேன். மேடையில், ஜன்னல் பக்கம், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை தலைக்கு முட்டு, வாயில் இட்லி. சாக்பீஸ் கோட்டின்மேல் சட்னி. சத்தியமாக உன் தட்டுக் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நீ சொல்லியிருந்தாயா?

"நான்தான் பெரியவ. ஜன்னல் எனக்குத்தான். எழுந்துக்கமாட்டேன் சித்தி." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள், திட்டு விழுமோ என்று.

"நீ சொல்லும்மா!" என்றான் கவின்.

"நான் இன்னாத்துக்குடா சொல்லணும்? புடிச்சது அவ."

இந்தச் சந்தடியில் மகி இன்னொரு மேல் படுக்கையில் ஏறிக்கொண்டாள். கவினுக்குக் கிடைத்தது கீழ்ப்படுக்கை, என் பக்கத்தில். கப்பலில் ஏறியதும் ஓடிப்போய் மேலே பிடித்துவிடுவானாம். "பாக்கலாம்டா" என்றாள் உன் மகள். எனக்குக் கத்தவேண்டும்போல் சந்தோஷம், அக்கா.

அப்புறம் மூன்று பேரும் பெட்டி அடுக்க இறங்கி ஓடிவிட்டார்கள். யாழினியின் தட்டு மேடையிலேயே கிடந்தது. கூப்பிடவில்லை. எடுத்துவந்து நானே கழுவினேன். அந்தக் காலத்தில் உன்னைத் திட்டிக்கொண்டே கழுவுவேன், இன்றைக்குச் சிரிப்பும் அழுகையுமாக, கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன். உன் தட்டைக் கழுவுகிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.