கம்பளிக் கடைக்காரர் சொன்ன வைத்தியம்

ஏற்காடு
12.2.1993

அன்பு மகனுக்கு அத்தா எழுதுவது. ஸலாம்.

கனடாவில் உன்னோடு தங்கியிருக்கும் நண்பர் கடைக்குப் போன் செய்தார். உன் இடது காலில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்களாம். நீ என்னோடு பேச மறுத்ததையும் மரியாதையாகவே சொன்னார்.

இது உனக்கு மூன்றாவது பனி மாரத்தான். மைனஸ் முப்பது டிகிரியில் கால் மரத்துப்போனால் என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தாய். எட்டாவது பெயிலான நான் உடனே டாக்டராகிவிட்டேன். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் குரங்குக் குல்லாய் விற்பவனுக்குத் தெரியாத குளிரா? "நம்ம ஊட்டுல செய்யுற மாதிரி நெருப்புல காட்டு கண்ணு, சுள்ளுனு ஒறைக்கிற வரைக்கும் எடுக்காதே" என்று எழுதினேன். ஓட்டம் முடித்த கையோடு நீயும் அப்படியே செய்தாயாம். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது என்பதைக் கம்பளிக் கடையில் யாரும் சொல்லித் தரவில்லை. பனி விட்டுவைத்ததை நெருப்பு தின்றுவிட்டது என்றாராம் டாக்டர்.

யாரோ சொன்னதைக் கேட்டு நீ இப்படிச் செய்ததாக உன் அம்மாவிடம் சொன்னேன். நேற்று சாயங்காலம் வழக்கம்போல் கரி அடுப்பை என் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏனுங்க, எம் புள்ள காலை நெருப்புல காட்டச் சொன்னவன் எவனுங்க? அவன் கை அழுவிப் போவணும்" என்றாள்.

காலை நீட்டிக் காய்ந்துகொண்டே நானும் ஆமீன் சொன்னேன்.

அவளுக்குக் கடிதம் போட்டால் அந்த ஆள் யாரென்று மட்டும் எழுதிவிடாதே, கண்ணு. இந்த வயதில் எனக்கு வேறு யார் அடுப்பு வைப்பார்கள்?

பத்து விரலோடு இருக்கும்
உன் அத்தா